அணைத்த டி.வி.யில் கேட்காமல் போன கைதட்டல்

1999 ஜனவரி 31, ஞாயிற்றுக்கிழமை. சேப்பாக்கத்தில் சக்லைன் முஷ்டாக் பந்தில் ஸ்ரீநாத் போல்டானார். இந்தியா 12 ரன்னில் தோற்றது. திருத்தணியில் எங்கள் வீட்டில் அப்பா எழுந்து டி.வி.யை அணைத்தார். "போதும், போய்ப் படிங்கடா" என்றார். எனக்கு அப்போது பத்து வயது. மேட்ச் பார்க்க வந்திருந்த பக்கத்து வீட்டு மாமா வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "அந்த நேரத்துல அந்த ஷாட் தேவையா இவனுக்கு?" என்று டெண்டுல்கரைத் திட்டிக்கொண்டு போனார். தெருவில் எல்லா வீட்டிலும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் சத்தம் நின்றது.

அதனால் அடுத்த சில நிமிடங்களை நாங்கள் பார்க்கவில்லை. சேப்பாக்கத்தில் முதலில் ஒரு அமைதி. பிறகு அங்கங்கே சிலர் எழுந்து நின்றார்கள். பிறகு அரங்கம் முழுக்க எழுந்து நின்று பாகிஸ்தான் அணிக்குக் கைதட்டியது. வாசிம் அக்ரமும் அவருடைய ஆட்களும் மைதானத்தைச் சுற்றி வந்தார்கள். தோற்ற ஊர் ஜெயித்தவனை வழியனுப்பி வைத்தது.

நான் இதைப் பார்த்தது பல வருடம் கழித்து, மங்கலான ஒரு யூடியூப் வீடியோவில். முதல் தடவை பார்த்தபோது எனக்கு வந்தது பெருமிதம்: "பாத்தியா, நம்ம சென்னை!" கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது. நம்ம சென்னை கைதட்டியது சரி, நம்ம வீடு டி.வி.யை அணைத்ததே?

இந்தக் கேள்வியை மறுபடி கிளறிவிட்டது, சம்பந்தமே இல்லாத ஒரு பாஸ்கெட்பால் ஆவணப்படம்.

*

'செல்டிக்ஸ்/லேக்கர்ஸ்: பெஸ்ட் ஆஃப் எனிமீஸ்' என்று பெயர். இ.எஸ்.பி.என். 2017இல் வெளியிட்டது. மூன்று பாகம், மொத்தம் ஐந்து மணி நேரத்துக்குப் பக்கம். பாஸ்டன் செல்டிக்ஸ், லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் என்ற இரண்டு அணிகளின் பகைக்கதை. 1959இல் தொடங்கி 1969 வரை இறுதிச் சுற்றில் ஏழு முறை மோதி, ஏழு முறையும் லேக்கர்ஸ் தோற்றது. பிறகு எண்பதுகளில் லேரி பேர்ட் ஒரு பக்கம், மேஜிக் ஜான்சன் மறு பக்கம். 1984இல் பாஸ்டன் ஜெயித்தது. 85இலும் 87இலும் லேக்கர்ஸ் திருப்பிக் கொடுத்தது.

படத்துக்கு இரண்டு கதைசொல்லிகள். லேக்கர்ஸ் தரப்பை ஐஸ் க்யூப் பேசுகிறார், பாஸ்டன் தரப்பை டானி வால்பர்க் பேசுகிறார். ரெண்டு பேரும் மாறி மாறி நம் காதில் மந்திரம் ஓதுகிறார்கள். யார் பேசினாலும் அந்த நிமிடம் அவர் சொல்வதுதான் நியாயம் என்று படும். இதுபோன்ற படங்களுக்கென்று ஒரு கட்டுமானம் உண்டு. முதலில் இரண்டு ஊர், பிறகு இரண்டு நாயகர்கள், பிறகு ஒரு கைகலப்பு, கடைசியில் நரைத்த தலையோடு இருவரும் ஒருவரைப் பற்றி ஒருவர் நெகிழ்ந்து பேசுவது. பேர்டும் மேஜிக்கும் 1985இல் ஒரு ஷூ விளம்பரத்துக்காக பேர்டின் சொந்த ஊரான ஃப்ரெஞ்ச் லிக்கில் சந்தித்ததும், பேர்டின் அம்மா மதியச் சாப்பாடு போட்டதும், அதிலிருந்து இருவரும் நண்பர்களானதும் அமெரிக்காவில் எல்லோருக்கும் தெரிந்த கதை. பார்க்கும் நமக்கும் தொண்டை அடைக்கும்.

ஆனால் அந்தப் பகையின் வரலாற்றில் என்னைப் பிடித்து நிறுத்தியது பேர்டோ மேஜிக்கோ இல்லை. 1982 மே 23, பாஸ்டன் கார்டன் அரங்கம். கிழக்குப் பிரிவு இறுதியின் ஏழாவது ஆட்டம். செல்டிக்ஸை எதிர்த்து ஆடுவது லேக்கர்ஸ் இல்லை, ஃபிலடெல்ஃபியா. சொந்த மண்ணில் செல்டிக்ஸ் தோற்றுக்கொண்டிருக்கிறது. இனி மீள முடியாது என்று தெரிந்துபோன கடைசி நிமிடங்களில் பாஸ்டன் கூட்டம் ஒரு கோஷத்தை எழுப்புகிறது: "பீட் எல்.ஏ.! பீட் எல்.ஏ.!" எங்களைத்தான் ஜெயிச்சிட்டீங்க, போய் அந்த லாஸ் ஏஞ்சலஸ்காரனையாவது அடிச்சிட்டு வாங்க என்று எதிரணிக்கு ஆசி வழங்குகிறது. ஃபிலடெல்ஃபியா போய் லேக்கர்ஸிடம் 4-2 என்று தோற்றது வேறு கதை.

அமெரிக்க விளையாட்டில் இதைப் பெருந்தன்மையின் உச்சமாகச் சொல்வார்கள். தோற்ற கூட்டம் ஜெயித்தவனை வாழ்த்திய கணம். உண்மைதான். ஆனால் அந்த வாழ்த்துக்குள் இன்னொரு பகை உட்கார்ந்திருக்கிறது. பெரிய எதிரி ஒருவன் இருந்ததால்தான் சின்ன எதிரிக்கு அன்று ஆசி கிடைத்தது.

சேப்பாக்கத்தின் கைதட்டல் எந்த வகை? அதற்குள் யார் உட்கார்ந்திருந்தார்கள்?

*

கைதட்டலின் எடை தெரிய வேண்டுமென்றால் அந்த மாதத்தின் எடை தெரிய வேண்டும்.

1998 மே மாதம் இந்தியா பொக்ரானில் அணுகுண்டு வெடித்தது. அதே மாதக் கடைசியில் பாகிஸ்தான் சாகாயில் வெடித்தது. எட்டு மாதம் கழித்து பாகிஸ்தான் அணி டெஸ்ட் ஆட இந்தியா வருகிறது. இரு நாடுகளும் அதற்கு முன் டெஸ்ட் ஆடி ஒன்பது வருடம் ஆகியிருந்தது. வரக்கூடாது என்று சிவசேனா எதிர்த்தது. ஜனவரி முதல் வாரத்தில் டெல்லி கோட்லா மைதானத்துக்குள் புகுந்து பிட்ச்சையே தோண்டிப்போட்டார்கள். முதல் டெஸ்ட் டெல்லியில் நடக்க இருந்தது. அது சென்னைக்கு மாறியது. ஆக, அந்த டெஸ்ட் சேப்பாக்கத்துக்கு வந்ததே ஒரு வெறுப்பின் உபயத்தில்தான்.

ஆட்டம் நான்கு நாள். பாகிஸ்தான் 238, கும்ப்ளேவுக்கு ஆறு விக்கெட். இந்தியா 254, சக்லைனுக்கு ஐந்து. அந்த இன்னிங்ஸில் டெண்டுல்கர் பூஜ்யம். சென்னைப் பையன் சடகோபன் ரமேஷுக்கு அதுதான் முதல் டெஸ்ட், 43 எடுத்தார். இரண்டாவது இன்னிங்ஸில் அஃப்ரிடி 141. இவனை யாருப்பா டெஸ்ட்டுக்கு எடுத்தது என்று கேட்டவர்கள் வாயை மூடினார்கள். பிறகு வெங்கடேஷ் பிரசாத் வந்தார். ஒரு கட்டத்தில் ரன்னே கொடுக்காமல் ஐந்து விக்கெட். மொத்தம் 33 ரன்னுக்கு ஆறு. பாகிஸ்தான் 286இல் சுருண்டது. இந்தியாவுக்கு இலக்கு 271.

நான்காம் நாள், 82 ரன்னுக்கு ஐந்து விக்கெட் போய்விட்டது. அங்கிருந்து டெண்டுல்கரும் நயன் மோங்கியாவும் 136 ரன் சேர்த்தார்கள். டெண்டுல்கருக்கு முதுகுவலி. ஒவ்வொரு ஷாட்டுக்குப் பிறகும் வலியில் முகம் சுருங்கும். மோங்கியா 52இல் போனார். டெண்டுல்கர் தாக்க ஆரம்பித்தார். இன்னும் 17 ரன். சக்லைனைத் தூக்கி அடிக்கப் போய், பந்து மேலே ஏறி, மிட்-ஆஃபில் அக்ரம் கையில் விழுந்தது. 136. மீதி மூன்று விக்கெட்டுக்கு வந்தது நான்கே ரன். 258 ஆல் அவுட்.

சக்லைனுக்கு மறுபடியும் ஐந்து. ஆட்ட நாயகன் விருது டெண்டுல்கருக்கு. வாங்க அவர் வெளியே வரவில்லை, உள்ளே அழுதுகொண்டிருந்தார். நாட்டில் பாதிப் பேர் டி.வி.யை அணைத்திருந்தார்கள். மைதானத்தில் இருந்தவர்கள் மட்டும் எழுந்து நின்றார்கள்.

*

ஏன் நின்றார்கள்?

சென்னைக்காரர்கள் வழக்கமாகச் சொல்லும் பதில் ஒன்று இருக்கிறது: "சேப்பாக்கம் கூட்டத்துக்கு ஆட்டம் தெரியும்." இது வெறும் பீற்றல் இல்லை. இதே மைதானத்தில் 1997 மே 21 அன்று சயீத் அன்வர் 194 அடித்து விவியன் ரிச்சர்ட்ஸின் 189 என்ற ஒருநாள் சாதனையை உடைத்தார். அன்றும் இந்தியாவுக்கு எதிராகத்தான், அன்றும் கூட்டம் எழுந்து நின்றது. இன்னும் பின்னால் போனால், வெள்ளைக்காரர்களின் மெட்ராஸ் கிரிக்கெட் கிளப் ஆண்ட அதே சேப்பாக்கத்தில், 1915 முதல் 1952 வரை பொங்கலை ஒட்டி ஐரோப்பியர் அணியும் இந்தியர் அணியும் பிரசிடென்சி மேட்ச் ஆடின. அடிமைப்படுத்தியவனோடு ஆடி, அவன் நல்ல ஷாட் அடித்தால் கைதட்டி, அடுத்த பொங்கலுக்கு மறுபடி வந்து உட்கார்ந்த கூட்டத்தின் வாரிசுகள் இவர்கள் என்று ஒரு வம்சாவளியே எழுதலாம்.

இரண்டாவது பதில் கொஞ்சம் கசப்பானது. சென்னைக்குப் பிரிவினை நடக்கவில்லை. லாகூரிலிருந்து அமிர்தசரஸ் வந்த பிண ரயில்கள் சென்ட்ரலில் வந்து நிற்கவில்லை. காயம் படாத ஊருக்குப் பெருந்தன்மை சுலபம்.

இந்த இரண்டாவது பதிலுக்கு ஒரு வலுவான சாட்சியும் உண்டு. 2013 மார்ச். பாலச்சந்திரனின் படங்கள் வெளிவந்து, தமிழ்நாடு முழுக்க மாணவர்கள் தெருவில் இறங்கியிருந்த நேரம். இலங்கை வீரர்கள் ஆடினால் சென்னையில் ஐ.பி.எல். நடத்த முடியாது என்று முதல்வர் ஜெயலலிதா பிரதமருக்கு எழுதினார். இலங்கையைச் சேர்ந்த யாரும் சென்னை ஆட்டங்களில் இறங்க மாட்டார்கள் என்று ஐ.பி.எல். நிர்வாகம் முடிவெடுத்தது. சென்னை சூப்பர் கிங்ஸின் சொந்த வீரர்களான குலசேகராவும் அகில தனஞ்சயாவும் சொந்த மைதானத்தில் ஆட முடியாது. அந்த வருடம் பெங்களூரு அணியில் இருந்த முத்தையா முரளிதரனும் அதே விதிக்குள் வந்தார். அவர் தமிழர், சென்னையின் மருமகன், அதற்கு முன் மூன்று சீசன் சென்னைக்கே ஆடியவர்.

அந்தக் கோபம் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். 2009 முள்ளிவாய்க்கால் நமக்குச் செய்தி மட்டும் இல்லை. ஆனால் 1999 பற்றிப் பெருமை பேசும்போதெல்லாம் 2013ஐ மறந்துவிடுவது நேர்மை ஆகாது. பஞ்சாபியின் காயத்தில் "ஆட்டத்தை ஆட்டமா பாருங்கப்பா" என்று அறிவுரை சொன்ன ஊர், தன் காயம் என்று வந்தபோது மைதானத்தின் கேட்டை மூடியது.

அப்படியானால் முடிந்ததா? காயம் இல்லாதவன் கைதட்டுவான், காயம் பட்டவன் கேட்டை மூடுவான். அவ்வளவுதானா?

இங்கேதான் கராச்சி குறுக்கே வருகிறது.

*

2004 மார்ச் 13, கராச்சி தேசிய மைதானம். கார்கில் போர் முடிந்து ஐந்து வருடம் ஆகவில்லை. இந்தியா 349, பாகிஸ்தான் துரத்துகிறது. இன்ஸமாம் 122 அடித்துக் கிட்டத்தட்ட முடித்துவிட்டார். நெஹ்ரா போட்ட கடைசி ஓவர். கடைசிப் பந்தில் மொயின் கான் கேட்ச் கொடுத்தார். 344. ஐந்து ரன்னில் இந்தியா ஜெயித்தது.

கராச்சி கூட்டம் இந்திய அணிக்கு எழுந்து நின்று கைதட்டியது. கராச்சி என்பது பிரிவினையின்போது டெல்லியிலும் லக்னோவிலும் வீட்டைப் பூட்டிவிட்டு வந்தவர்கள் லட்சக்கணக்கில் குடியேறிய நகரம். சென்னைக்கு இல்லாத காயம் அந்த ஊரில் தெருவுக்குத் தெரு இருந்தது. ஆனாலும் கைதட்டினார்கள். அந்தப் பயணத்தில் அங்கே பெரிய ஸ்டார் ஆனவர்களில் ஒருவர் நம் ஊர் லட்சுமிபதி பாலாஜி. வாயெல்லாம் பல்லாகச் சிரித்துக்கொண்டே சிக்ஸர் அடித்த அந்தப் பையனுக்கு, "பாலாஜி, கொஞ்சம் மெதுவாப் போப்பா" என்ற அர்த்தத்தில் பாகிஸ்தான் ரசிகர்கள் ஒரு பாட்டே கட்டிப் பாடினார்கள். 1999இல் சேப்பாக்கம் கொடுத்த மொய், ஐந்து வருடம் கழித்து ஒரு சென்னைக்காரன் பேரிலேயே திரும்பி வந்தது மாதிரி இருந்தது.

இன்னொரு பக்கம், சேப்பாக்கத்துக்கு மூன்றே வாரத்தில் கொல்கத்தா ஈடன் கார்டன்ஸ். அதே இரண்டு அணிகள். அதுவும் ஆட்டம் தெரிந்த கூட்டம் என்று பெயர் எடுத்த ஊர்தான். டெண்டுல்கர் ஓடும்போது ஷோயப் அக்தரோடு மோதி ரன் அவுட் ஆனார். பாட்டில் பறந்தது. மறுநாளும் ரகளை. கடைசியில் போலீஸ் மொத்தக் கூட்டத்தையும் வெளியேற்றி, காலி இருக்கைகளுக்கு முன்னால் ஆட்டம் முடிந்தது. பாகிஸ்தான்தான் ஜெயித்தது. கைதட்ட ஆள் இல்லை.

ஊரின் குணம் என்ற விளக்கமும் சரிப்படவில்லை, காயத்தின் கணக்கும் சரிப்படவில்லை. கூட்டம் ஒவ்வொரு முறையும் புதிதாக முடிவெடுக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. யாரோ ஒருவன் முதலில் எழுந்து நிற்கிறான், அல்லது யாரோ ஒருவன் முதல் பாட்டிலை எறிகிறான். பக்கத்தில் இருப்பவன் ஒரு நொடி அவனைப் பார்க்கிறான். அந்த நொடிக்கு வரலாறு உதவலாம், உத்தரவாதம் தராது.

விளையாட்டுப் பகையைப் பற்றிய படங்கள் தவறவிடுவது இந்த நொடியை. 2025இல் நெட்ஃப்ளிக்ஸில் வந்த 'தி கிரேட்டஸ்ட் ரைவல்ரி: இந்தியா வெர்சஸ் பாகிஸ்தான்' தொடரிலும் சேவாக் பேசுகிறார், ஷோயப் பேசுகிறார், கேட்க ஜாலியாகவே இருக்கிறது. வீரர்களிடம் மைக்கை நீட்டுவது எளிது. கூட்டத்துக்கு முகவரி கிடையாது. 1999இல் முதலில் எழுந்து நின்ற அந்த ஆளை எந்த கேமராவும் தேடிப் போனதில்லை.

*

2023 அக்டோபர் 23, உலகக் கோப்பை, மறுபடி சேப்பாக்கம். பாகிஸ்தானை ஆப்கானிஸ்தான் எட்டு விக்கெட் வித்தியாசத்தில் அடித்தது. ஒருநாள் போட்டியில் பாகிஸ்தானுக்கு எதிராக அவர்களின் முதல் வெற்றி. இப்ராஹிம் ஸத்ரான் 87 எடுத்து ஆட்ட நாயகன் ஆனார். பாகிஸ்தானிலிருந்து திருப்பி அனுப்பப்படும் ஆப்கன் அகதிகளுக்கு அந்த விருதைச் சமர்ப்பிப்பதாகச் சொன்னார். அரங்கம் ஆர்ப்பரித்தது. ரஷீத் கானும் இர்ஃபான் பதானும் மைதானத்திலேயே ஆடினார்கள். ஆப்கன் வீரர்கள் சேப்பாக்கத்தைச் சுற்றி வந்து கையசைத்தார்கள். 24 வருடத்துக்கு முன் அக்ரமின் ஆட்கள் சுற்றி வந்த அதே புல்.

எனக்கும் சந்தோஷம்தான். அன்று மொபைலில் பார்த்துக்கொண்டிருந்தேன், அணைக்கவில்லை. ஆனால் அந்தச் சத்தம் எந்த வகை என்பதில் இன்றுவரை சந்தேகம் இருக்கிறது. ஆப்கன்காரன் ஜெயித்ததற்கா, பாகிஸ்தான்காரன் தோற்றதற்கா? சேப்பாக்கம் 1999இன் கைதட்டலா, பாஸ்டன் 1982இன் "பீட் எல்.ஏ." கோஷமா? ஒன்பது நாளுக்கு முன்புதான் அகமதாபாத்தில், பாகிஸ்தான் ரசிகர்கள் ஏறக்குறைய யாருமே இல்லாத அரங்கில், அவுட்டாகித் திரும்பிய ரிஸ்வானைப் பார்த்து மதக் கோஷம் போட்டிருந்தார்கள். அந்த வாரத்தின் காற்று சென்னைக்கும் வந்திருக்காது என்று எப்படிச் சொல்வது? இரண்டு சத்தமும் கலந்தே இருந்திருக்கும். பக்கத்துப் பக்கத்து இருக்கையில் வேறு வேறு காரணத்துக்கு ஒரே மாதிரி கத்தியிருப்பார்கள்.

2025 செப்டம்பர் 14. பஹல்காம் படுகொலைக்கும் மே மாத மோதலுக்கும் பிறகு துபாயில் ஆசியக் கோப்பை ஆட்டம். முடிந்ததும் இந்திய வீரர்கள் கைகொடுக்காமல் உள்ளே போனார்கள். அதற்கு அவர்கள் சொன்ன காரணங்கள் இருக்கின்றன, ஏற்பவர்களும் மறுப்பவர்களும் இருக்கிறார்கள். எனக்குப் பட்டது ஒன்றுதான். 1999இல் நாட்டின் டி.வி.கள் அணைந்த பிறகும் மைதானத்தில் ஏதோ ஒன்று மிச்சம் நடந்தது. இப்போது அந்த மிச்சமும் ஸ்கிரிப்டுக்குள் வந்துவிட்டது.

*

கடைசியாக எங்கள் ஊரைப் பற்றி ஒரு வார்த்தை. இதைத் தீர்ப்பு மாதிரி எழுதும் தகுதி எனக்கு இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

திருத்தணி ஒரு காலத்தில் இழுபறிப் பொருள். 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திரா தனி மாநிலமானபோது, சித்தூர் மாவட்டத்தோடு சேர்ந்து எங்கள் ஊரும் அந்தப் பக்கம் போனது. ம.பொ.சி. தலைமையில் வடக்கெல்லைப் போராட்டம் நடந்தது. படாஸ்கர் தீர்ப்பின்படி 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்துக்குத் திரும்பியது. திருப்பதியும் சித்தூரும் அங்கேயே நின்றன. அவர்களுக்கும் ஒரு தோல்வி, நமக்கும் ஒரு தோல்வி. இன்று ஆடிக் கிருத்திகைக்கு காவடி தூக்கி வருபவர்களில் பாதிப் பேர் தெலுங்கில்தான் முருகனைக் கூப்பிடுகிறார்கள். 365 படியில் யாரும் யாரிடமும் மாநிலம் கேட்பதில்லை.

கேட்க அழகாக இருக்கிறது, இல்லையா? எல்லையில் பிறந்தவர்கள் பெருந்தன்மைக்காரர்கள் என்று இங்கேயே முடித்துவிடலாம். ஆனால் நான் பன்னிரண்டாவது படிக்கும்போது, பொங்கல் லீவில் நகரியிலிருந்து ஒரு டீம் டென்னிஸ் பால் மேட்ச் ஆட வந்தது. நகரி எல்லைக்கு அந்தப் பக்கம், ஆந்திரா. பஸ்ஸில் கொஞ்ச தூரம்தான். கடைசி ஓவரில் ஒல்லியாக ஒரு பையன் இரண்டு சிக்ஸ் அடித்து எங்களைத் தோற்கடித்தான். இரண்டாவது சிக்ஸ் நிஜமாகவே அழகு. பந்து புளியமரத்துக்கு மேலே போய்க் காணாமல் போனது. நான் லாங்-ஆனில் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஆட்களில் ஒருத்தன், "செமையா அடிச்சான்டா" என்றான். "மூடிட்டு ஸ்டம்ப்ப புடுங்கு" என்றேன். ஸ்டம்ப்பைப் பிடுங்கி, சைக்கிள் கேரியரில் கட்டி, திரும்பிப் பார்க்காமல் கிளம்பிவிட்டோம். அந்தப் பையன் பிட்ச் நடுவில் பேட்டோடு நின்றுகொண்டிருந்தான்.

சேப்பாக்கம் வீடியோவை இப்போதும் அவ்வப்போது போட்டுப் பார்க்கிறேன். படம் புள்ளி புள்ளியாக இருக்கும், யார் முகமும் தெரியாது. முதலில் எழுந்து நின்றவர் யாராக இருக்கும் என்று ஒவ்வொரு முறையும் தேடுகிறேன்.